கூரையில் காய்ந்த குச்சி

காய்ந்த இலைகளோடு இருந்த குச்சியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டபோது வெயில் முற்றத்தில் பாதியைத்தான் தொட்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் அது பச்சையானால் என் புருஷன் டெண்டெகாய் உயிரோடு இருக்கிறார். ஆகாவிட்டால் அவருக்குச் சாவுச் சடங்கு நடக்கும். நான் என் சம்பளத்தில் கட்டிய வீடு அவருடைய அண்ணன் மாசிம்பா கைக்குப் போகும். நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போனவரிடமிருந்து மூன்று வருஷமாக ஒரு சேதியும் இல்லை.

நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் டீச்சர். ஜோஹன்னஸ்பர்க்கில் யார் இருக்கிறார், யார் போனார் என்று ஒரு குச்சிக்கு என்ன தெரியும்? ஆனால் மாமியார் நம்புகிறார், ஊர்த்தலைவரும் நம்புகிறார். நானும் தலையாட்டித் தொலைத்தேன். எனக்கு ஒரு தைரியம் இருந்தது. குச்சி செத்தெழும்பிச் செடியுடையது. எங்கள் ஊர் மூடோகோவின் பாறைகளில் அது மாதக்கணக்கில் சருகாகக் கிடக்கும், ஒரு மழை விழுந்தால் அன்றைக்கே பச்சைப்பசேலென்று எழுந்துவிடும். யார் செத்தாலும் பிழைத்தாலும் அது எழும். வீடு எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

"என்ன டீச்சரம்மா, குச்சிக்குப் பாடம் நடத்தினா எந்திரிச்சிடுமா?" என்றார் மாசிம்பா. குச்சியைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

"பொழுது இன்னும் கெடக்கு அத்தான்."

"பொழுது கெடக்கு. தம்பியத்தான் காணோம்."

மத்தியானம் ஆயிற்று. மாமியார் சோளக்களியைத் தொடவே இல்லை. கிண்ணத்துக்குமேல் குனிந்து, "எந்திரி ராசா, எந்திரி" என்று குச்சியைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. நிழல் நீண்டு வேலியைத் தொட்டபோது, சாட்சிக்கு வந்து உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முடிஞ்சுது" என்று மாசிம்பா கிண்ணத்துக்குக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு குச்சியைப் பிடுங்கினேன்.

அப்போதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். இலையெல்லாம் வைக்கோல் நிறம். சிவப்பு எங்கே?

காய்கிற செத்தெழும்பி இலையை விசிறிபோல மடக்கி, கருஞ்சிவப்புப் புறத்தை வெளியே காட்டும். அந்தச் சிவப்புதான் அதற்குக் குடை. இலைக்குள் இருக்கும் பசுங்கணிகங்கள் வெளிச்சத்தைப் பிடித்துச் சமைப்பவை. தண்ணீர் இல்லாதபோது சமையல் நின்றுவிடும், வெளிச்சத்தைப் பிடிப்பது மட்டும் நிற்காது. காலிப் பானைக்கு அடியில் தீ எரிகிற கதைதான். அதனால் பச்சையை உள்ளே ஒளித்து, சிவப்புச் சாயத்தால் வெயிலைத் தடுக்கும். அதையும் மீறி நுழைகிற வெளிச்சத்தை உள்ளே இருக்கும் மஞ்சள் சாயங்கள் சூடாக மாற்றி வெளியேற்றிவிடும். மடங்கவிடாமல் விரித்துப்பிடித்து வெயிலில் காயவைத்தால் அந்த இலை கருகிச் சாகும், பிறகு எத்தனை மழைக்கும் எழாது.

போன பருவத்தில் இதை வகுப்பில் செய்தே காட்டினேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் மாசிம்பாவின் மகள்.

இலையைத் திருப்பினேன். கட்டம் கட்டமாகத் தடம். கோழி கொத்தாமல் இருக்கக் கம்பிவலைக்கு அடியில்தான் எல்லோரும் கீரை காயவைக்கிறோம். எதிரே மாசிம்பாவின் தகரக் கூரையில் அந்த வலை கிடந்தது.

"தலைவரே, இது பாறையில காஞ்ச குச்சி இல்ல. அத்தான் வீட்டுக் கூரையில வலைக்கடியில விரிச்சுக் கொன்னது. தடத்தைப் பாருங்க."

"வீடு போகுதேன்னு ஒளர்றா" என்றார் மாசிம்பா. தலைவர் இலையைக் கண்ணருகே கொண்டுபோனார், பிறகு கூரையைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காக இவ்வளவு கேவலமா என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க அத்தான். தம்பி செத்துட்டார்னு நீங்க நெசமா நம்பியிருந்தா, பாறைக் குச்சியையே கொண்டாந்திருப்பீங்க, எந்திரிக்காதுன்னு தெம்பா உக்காந்திருப்பீங்க. எந்திரிச்சிடும்னு ஏன் பயந்தீங்க?"

மாமியார் தரையில் கையூன்றி எழுந்தார்.

"மாசிம்பா, எம்புள்ள எங்கடா?"

அவ்வளவு பெரிய மனுஷன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இருக்கான்மா. நல்லாத்தான் இருக்கான். அங்க வேற பொண்டாட்டி, ரெண்டு புள்ள. 'என்னால அவ மூஞ்சில முழிக்க முடியாதுண்ணே, நான் செத்துட்டேன்னு சொல்லிடு'ன்னு போன்ல அழுதான்."

மாமியார் குலவையிட்டார். "எம்புள்ள உசுரோட இருக்கான்!" என்று முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினார். தலைவர் என்னைப் பார்க்காமல், "வீடு ஒனக்குத்தாம்மா" என்றார். ஜெயித்துவிட்டேன். கையிலிருந்த குச்சி எப்போது நொறுங்கியது என்று தெரியவில்லை.

"அத்தான்" என்றேன். "மறுபடி கூப்பிட்டார்னா சொல்லுங்க. நீ கேட்டபடியே ஆச்சு, ஒம் பொண்டாட்டி இன்னிக்கே ஒன்னப் பொதைச்சிட்டான்னு."