தட்டுச் சத்தம்

1984 டிசம்பரின் முதல் செவ்வாய்க்கிழமை. வெள்ளக்கடை கிராமத்துக்கு மேலே, எஸ்டேட்டின் பல்ப்பர் கொட்டகையில் சிங்கராயர் டீசல் எஞ்சின் முன் குந்தியிருந்தார். சேலத்தில் பழுது பார்த்து வந்த டீசல் பம்பை மாட்டியதிலிருந்து எஞ்சினில் இழுவை இல்லை. பழம் விழுந்ததும், அதன் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் திணறி நின்றது. முந்தின நாள் பறித்த காப்பிப் பழம் வாசலில் குவிந்து கிடந்தது. இன்று தோல் நீக்காவிட்டால் புளித்துவிடும்.

பம்புக்கு அடியில் காகிதம் போல மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றை எடுத்தால் டீசல் சற்று முன்னதாகப் பாயும், இழுவை கூடும். அளவு மீறினால் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். சத்தம் வரும்வரை எடுப்பதும், வந்ததும் ஒன்றைத் திரும்ப வைப்பதும் சிங்கராயரின் முறை.

ஒரு தகட்டை எடுத்து ஓட்டினார். திருப்புளியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தார். சத்தம் இல்லை. இன்னொன்றை எடுத்தார். அப்போதும் இல்லை.

கொஞ்ச காலமாகவே எல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சின்காரனுக்குக் காது போனால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் தந்த லைன் வீடு போகும். மனைவி செல்வமேரி இறந்தபின் வீட்டில் பேச ஆள் இல்லாதது ஒரு வகையில் வசதியாக இருந்தது. ஒண்டிக்கடையில் டீ குடிக்கப் போவதை விட்டார். மாதா கோயிலில் கடைசியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழும்போது எழுந்தார்.

அடுத்த தகட்டையும் எடுத்தார். பல்ப்பர் வேகம் பிடித்தது.

பழம் கொட்டிக்கொண்டிருந்த பாவாயி கூடையை இறக்கிவிட்டு அருகில் வந்தாள்.

"ஏனுங்ணா, இஞ்சின் நொம்பத் தட்டுதுங்களே. நிறுத்திப் பாருங்க."

அவள் வாய் அசைவதைப் பார்த்தார். ஏதோ கேலி என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டினார்.

அவள் திரும்பிப் போய் மற்றப் பெண்களிடம் சொன்னாள்: "நாம சொன்னாக் கேப்பாரா? தொரை வந்து சொல்லோணுமாக்கும்."

மதியத்துக்குள் பிஸ்டன் உடைந்தது. குவியலில் பாதி அப்படியே கிடந்து புளித்தது. மேனேஜர் சிங்கராயரை ஆபீசுக்கு வரவழைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பின்னாலிருந்து பெயரைக் கூப்பிட்டார். சிங்கராயர் வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடி நின்றார். எதற்காக நிற்க வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் புது பிஸ்டன் வந்தது. கூடவே புது ஆளும் வந்தான்.

எஞ்சின் கிளம்புவதைப் பார்க்க சிங்கராயர் கொட்டகை வாசலில் நின்றார். கரும்புகை கூரையைத் தொட்டுக் கலைந்தது. அதிர்வு தரை வழியாக அவர் உள்ளங்காலுக்கு வந்தது. ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடாசலம் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சிங்கராயரே, புது ஆளு குடும்பத்தோட வந்திருக்கறாருங்க. ஊட்ட எப்பங்க காலி பண்ணுவீங்க?"