எந்த நிறத்திலும் சேராத கரை

எங்கள் ஊரில் செப்டம்பர் பிறந்தால் இனாங்காவைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் அந்த நூல் போன்ற குஞ்சு மீனுக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருப்பார்கள். வலை போடும் இடத்துக்கு ஒரு சண்டை. மீனோடு முட்டை ஊற்றிப் பொரிக்கும் அடையில் மாவு சேர்க்கலாமா கூடாதா என்று அதற்கும் ஒரு சண்டை. வலையைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டதும் மீனையும் மறந்துவிடுவார்கள். அந்தக் குஞ்சுகளுக்கும் ஒரு தாய் உண்டு, அவள் மார்ச், ஏப்ரல் இலையுதிர் காலத்தில் எங்காவது முட்டையிட வேண்டுமே என்ற யோசனை ஒருவருக்கும் வராது.

அவள் முட்டையிடுவது தண்ணீரில் இல்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் பெருகி ஆற்றுக்குள் ஏறும். அப்போது நனைகிற கரைப் புல்லின் அடித்தூரில் முட்டைகளை ஒட்டிவிட்டு இறங்கிவிடுவாள். தண்ணீர் வடிந்தபின் முட்டைகள் புல்லின் ஈரத்தில் தரைமேல் கிடக்கும். இரண்டு வாரம் கழித்து அடுத்த பெரும் பெருக்கு வந்து தொட்டால்தான் பொரியும். பொரிந்த பிள்ளைகள் கடலுக்குப் போய்விடும்.

என் பெயர் கஹு. வைமரு ஆறு கடலில் சேரும் ஊரில், உயிரினங்களைக் காக்கும் அலுவலகம் ஒன்றில் வரைபடம் பார்க்கிறேன். எங்களிடம் மூன்று வரைபடங்கள் உண்டு: நிலத்துக்கு ஒன்று, ஆறு ஏரிகளுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. மழை, குளிர், மண், சரிவு, ஆழம் எல்லாவற்றையும் பார்த்து நாடு முழுவதையும் வகை பிரித்திருக்கிறார்கள். எந்த வகை அழிந்துகொண்டு வருகிறதோ அதற்குச் சிவப்பு. சிவப்பில் இருக்கும் இடத்தில் யாராவது மண்வெட்டியை வைத்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்திவிடலாம். நல்ல ஏற்பாடுதான். அதை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாலத்துக்குக் கீழே, வெள்ளத்தடுப்புக் கரையில் மண்டியிட்டுப் புல்லை விலக்கினேன். உள்ளே முட்டைகள். ஒரு கொத்து, பக்கத்தில் இன்னொன்று, கரை நெடுகவும் அப்படியே. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் மண்தோண்டி இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுபவர் ஹைமோனா, என் அக்காவின் கணவர்.

“என்ன கொழுந்தியா, காலங்காத்தால புல்லு மேயுற? எங்க வீட்டுல சோறு போட மாட்டோமா?”

“எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வாங்க அத்தான்.”

தொப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். “கசகசாவைக் கொட்டின மாதிரி இருக்கு. என்னது இது?”

“செப்டம்பர்ல அக்காவுக்குக்கூடக் குடுக்காம ஒளிச்சு வச்சுத் திங்கிறீங்களே, அது.”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு வந்த உத்தரவு, கரையைச் சுரண்டிக் களிமண் தெரியும்வரை சீர்செய்து, வயல் தண்ணீர் ஆற்றுக்கு வடியும் மதகின் வாயைச் சரிந்து அடைத்திருக்கும் மண்ணை எடுக்க வேண்டும் என்பது. வியாழக்கிழமை பெருமழை என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

“மத்தியானம் வரைக்கும் மேல்பக்கம் வேலை பாக்குறேன். அதுக்குள்ள உங்க ஆளுங்களை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நானா நிறுத்துனா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க” என்றார்.

அலுவலகத்துக்கு ஓடினேன். என் மேலதிகாரி அலிஸ்டர் நல்ல மனிதர். நான் மூச்சு வாங்கியபடி சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“எந்த வகையில வருதுன்னு சொல்லு கஹு. இப்பவே ஃபோன் போடறேன்.”

எந்த வகையிலும் வரவில்லை. ஆற்று வரைபடம் தண்ணீரின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. கடல் வரைபடம் அன்றாடப் பெருக்கு தொடும் கோட்டோடு நின்றுவிடுகிறது. முட்டைகளோ அதற்கு மேலே, பெரும் பெருக்கு மட்டுமே எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. மிச்சம் நிலம். நிலத்தின் வரைபடத்தில் வெள்ளத்தடுப்புக் கரைக்குச் சாம்பல் நிறம். மனிதன் கட்டியது, இயற்கை இல்லை என்று அர்த்தம்.

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு ஒரு மீன் இருக்கு அலிஸ்டர். அது என்ன செய்யும்?”

“புரியுது. ஆனா நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போனா நான் எதைக் காட்டுவேன்? அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்னு எழுதி வைக்கிறேன்.”

அடுத்த பதிப்பு எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் வருத்தம்.

நானே சிவப்பாக்கிவிடலாமா என்றும் நினைத்தேன். கணினி என் கையில்தான் இருந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலிருந்த மிகச் சிறிய கட்டமே இருபத்தைந்து மீட்டர் அகலம். முட்டைப் புல் ஒரு முழ அகலம். கட்டத்தைச் சிவப்பாக்கினால் மதகும் சிவப்பு, பாதையும் சிவப்பு, பக்கத்துப் பண்ணை டொரீனின் கோழிக்கூடும் அழிந்துவரும் அரிய இயற்கை ஆகிவிடும். யாரும் நம்பமாட்டார்கள். ஆத்திரத்தில் மேசையைக் குத்தினேன். கைதான் வலித்தது.

திரும்பி வந்தபோது டொரீன் கரையில் நின்றிருந்தார். ஆற்றை ஒட்டி மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், தனி ஆள். கரையைச் சீர்செய்யச் சொல்லிக் கேட்டவரும் அவர்தான். அவரோடு சண்டை போடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் என்னைச் சண்டை போடவிடவில்லை.

“போன ஜூன்ல மதகு அடைச்சுக்கிட்டு, நான் படுத்திருந்த கட்டில் மிதந்துச்சும்மா. கன்னுக்குட்டிங்க கத்துனது இன்னும் காதுல கேக்குது. மீன் முட்டைன்னு சொல்றே, பாவந்தான். நான் வேணாம்னு சொல்லல. எனக்கு ஒரு வழி சொல்லு, நான் கேட்டுக்கிறேன்.”

புல்லுக்குப் பதில் வைக்கோல் கட்டுகளை வைத்தால் அடுத்த பெருக்கில் மீன்கள் அதிலாவது முட்டையிடும் என்றேன். அவை அவிழ்ந்து மதகுக்குள்தான் போகும் என்றார் ஹைமோனா. அது உண்மைதான். அவரே பிறகு கேட்டார்: “புல்லை மண்ணோட பேத்து எடுத்துத் தரேன். எங்க வைக்கணும், சொல்லு.”

எதிர்க்கரை முழுக்கப் பாறாங்கல். மேலே வைத்தால் பெருக்கு எட்டாது, முட்டை காய்ந்துவிடும். கீழே வைத்தால் மற்ற மீன்கள் தின்றுவிடும். நான் கரையின் மேலும் கீழும் நடந்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு அவர் இயந்திரத்தில் ஏறிக்கொண்டார்.

மெதுவாகத்தான் எடுத்தார். அவ்வளவு மெதுவாக அந்த இயந்திரத்தை யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. அதனால் முட்டைகளுக்கு ஒரு பயனும் இல்லை. புல் லாரியில் குவிந்தது, கரை வழவழவென்று மஞ்சளாகிவிட்டது. டொரீன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்ய?

வியாழக்கிழமை மழை வரவில்லை. வடக்கே திரும்பிக் கடலிலேயே பெய்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த பெரும் பெருக்கு நாளன்று காலையில் போகக்கூடாது என்றிருந்தேன், கால் கேட்கவில்லை. எனக்கு முன்பே ஹைமோனா கரையில் உட்கார்ந்திருந்தார். வேலைநாள் இல்லை, இயந்திரமும் இல்லை.

“சும்மா வந்தேன்” என்றார்.

தண்ணீர் ஏறியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கூட்டமாக, விரல் நீள மீன்கள் கரையை ஒட்டி வந்தன. வயிறு உப்பியிருந்தது. களிமண்ணில் மூக்கை முட்டின. விலகிப் போய்ச் சற்றுத் தள்ளி மறுபடியும் முட்டின.

“இதுங்கதானா? இவ்வளவு பெருசானதை நான் பாத்ததே இல்ல. என்ன தேடுதுங்க?”

“புல்லை.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “புல்லு எப்ப வரும்?”

“விதை போட்டா, அடுத்த வருஷம்.”

“அப்ப அடுத்த வருஷம் வந்து போட்டுக்கட்டுமே.”

எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. “அதுங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது அத்தான். இதுங்க ஆயுசே ஒரு வருஷந்தான். முட்டை போட்டதும் செத்துரும்.”

அவர் எழுந்தார். செருப்போடு தண்ணீரில் இறங்கி, குனிந்து, விரல்களை விரித்துக் கையைக் களிமண்ணின்மேல் வைத்தார். மீன்கள் சிதறி ஓடின. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தன. ஒன்று அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே தலையை நுழைத்து உடலை நெளித்தது. பின்னாலேயே இன்னொன்று. அவர் மூச்சுவிடவும் பயந்து நின்றார். பிறகு விரல் இடுக்கில் எதுவோ ஒட்டியிருந்ததைக் கண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கஹு, கையை எவ்வளவு நேரம் இப்படியே வச்சிருக்கணும்?”

இரண்டு வாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.