ஓரத்தில் ஒரு கட்டம்

தம்பி அக்காவின் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவினான். சுலபத்தில் வரவில்லை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றியபோதும் அவள் அதை விட்டிருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார், அப்போதும் விடவில்லை.

“கொடுக்கா” என்றான், பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவுக்குக் கேட்காதபடி. கட்டை விரலை மெல்ல நகர்த்தினான். பேனா வந்தது. மேசைக்கு அடியில் குனிந்து மூடியைத் தேடி எடுத்துப் போட்டான். மைப் பேனா. திறந்து கிடந்தால் காய்ந்துவிடும், அப்புறம் அவளிடம் யார் பேச்சு வாங்குவது.

மேசைமேல் அன்றைய பேப்பர் குறுக்கெழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி மடித்துக் கிடந்தது. பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

காலையில் அவன் டீ போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அவள் கேட்டாள்.

“டேய், காரமான சின்ன உருண்டை. மூணு எழுத்து.”

அவன் கண்ணுக்கு நேரே அலமாரியில் எது இருந்ததோ அதைச் சொன்னான். “கடுகு.”

“எழுதிட்டேன்.”

டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துக் கொடுத்து, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு சொல் தெரியவில்லையென்றால் யாருக்காவது போன் போடுவாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “பொத்தான் நுழையற துளை, ரெண்டெழுத்து” என்பாள். மறுமுனையில் தையல்காரம்மா வாயில் ஊசியோடு “காஜா” என்பாள். உடனே வைத்துவிடுவாள். தவறான எண்ணுக்குக் கூப்பிட்டு மாட்டிக்கொண்ட ஒருவரைக்கூட விடாமல் கேள்வி கேட்டு, கடைசியில் அவர் வாரம் ஒருமுறை தாமாகவே கூப்பிட்டு “ஏதாவது பாக்கி இருக்கா மேடம்?” என்று கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

கேட்கலாம், பார்க்கக் கூடாது. அது அவள் சட்டம். அகராதி கூடாது, செல்போனில் தேடக் கூடாது, மறுநாள் வரும் விடையை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. “அது அவன் விடை. இது என் விடை” என்பாள். எழுதியதை அடிக்கவும் மாட்டாள். சொல் நீளமாக இருந்து கட்டம் போதவில்லையென்றால், பேப்பரின் வெற்று ஓரத்தில் தன் கையால் ஒரு கட்டம் போட்டு மிச்ச எழுத்தை அதில் எழுதுவாள்.

தம்பி தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிறவன். அவனால் அதைச் சகிக்க முடிந்ததில்லை. “நான் இப்படி ஒட்டினா கூலி தர மாட்டாங்கக்கா” என்றான் ஒருமுறை.

“உனக்குச் சுவர் முடிஞ்சிடுது. எனக்கு ஓரம் சும்மாதானே கிடக்கு?”

அண்ணாவிடம் மட்டும் அவள் எதுவும் கேட்பதில்லை. அண்ணா கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், அவள் ஓரத்தில் போட்டிருந்த கட்டங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சரியான சொல்லையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே பேப்பர் தலையணைக்கு அடியில் போய்விடும்.

ஆனால் தம்பியிடம் அடிக்கடி சொல்லியிருந்தாள். “நான் போற அன்னைக்கும் பேப்பர் வரும்டா. அதைப் பாதியில விட்டுட்டு என்னைத் தூக்கினீங்கன்னு வை, வழியிலயே எழுந்து உட்கார்ந்துக்குவேன்.”

அவன் சிரித்திருந்தான்.

அண்ணாவும் அண்ணியும் வந்தார்கள். அண்ணா உள்ளே போய்த் தங்கையைப் பார்த்தார். போர்வையின் நுனி மடிந்திருந்ததை நேராக்கினார். வெளியே வந்து செல்போனை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. மூன்று மணிக்கு வண்டி. நாற்காலிக்குச் சொல்லியாயிற்று. யார் யாருக்குத் தகவல் போயிற்று, யாருக்குப் போகவில்லை, எல்லாம் அவர் வாயிலிருந்து வரிசையாக வந்தன.

தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் அக்காவின் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பேப்பரைத் தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தான்.

மருந்துக்கடைக்காரர் வந்தார். சற்று நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

“சார்” என்றான் தம்பி. “தண்ணியில மூழ்கி மீன் பிடிக்கிற கறுப்புப் பறவை. ஆறெழுத்து.”

அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்துக்கொண்டே “நீர்க்காகம்” என்றார். பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: “எனக்கு வியாதியும் பறவையும். வியாதி சரி, பறவையை ஏன் எங்கிட்ட ஒப்படைச்சாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியலை.”

“எனக்கு நதிங்க” என்றார் அவர். “தப்பான நம்பர் போட்டவன் நான்தான்.”

அண்ணி வந்து தம்பியின் தோளைத் தொட்டாள். “என்ன பண்றே நீ? எல்லாரும் பார்க்கறாங்க. உள்ள வைப்பா அதை.”

“பார்க்கட்டும் அண்ணி. பார்த்தாத்தானே விடை சொல்லுவாங்க.”

“அவ போயிட்டாப்பா.”

“பேப்பர் வந்திருக்கே.”

அண்ணி அண்ணாவைப் பார்த்தாள். அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவர்கள் முதலில் கூசினார்கள். ஒருவர் சொன்னதும் அடுத்தவர் எட்டிப் பார்த்தார். ஒரு சொல்லுக்குத் தையல்காரம்மாவும் நதிக்காரரும் சண்டையே போட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் அக்காவோடு வேலை பார்த்த அம்மாள் ஒருத்தி, அழுதுகொண்டே வந்து, மூக்கைச் சிந்திவிட்டு, மேலிருந்து கீழ் இரண்டைச் சொல்லிவிட்டு, மறுபடியும் அழுதாள். தம்பி அக்கா எழுதுவதுபோலவே எழுத்துகளைப் பெரிதாக எழுதினான். கட்டங்கள் அடைபட்டு வந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது, வலது ஓரத்தில்.

“மழைக்கு முன் வானில் தெரிவது” என்று படித்தான். “நாலெழுத்து.”

“மின்னல்” என்றார்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில். வாசலில் வந்து நின்ற வண்டிக்காரரும் “மின்னல்தானே?” என்றார்.

“முதல் எழுத்து ‘க’” என்றான் தம்பி.

மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். அந்தக் கட்டத்திலிருந்துதான் ‘கடுகு’ கீழே இறங்கியது. “அது மிளகா இருக்கும் தம்பி. மிளகுன்னா ‘மி’. மின்னலுக்குச் சரியா வந்துடும்” என்றார் தயங்கி.

“தெரியுது சார்.”

“அப்புறம் என்ன” என்றார் அண்ணா. வண்டி வந்ததிலிருந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். “அதை அடிச்சிட்டு மிளகுன்னு போடு, மின்னல்னு போடு. முடிஞ்சது. கிளம்பலாம்.”

“அடிக்க மாட்டேன்.”

“தப்புடா அது.”

“தப்பாவே இருக்கட்டும். அக்கா எழுதினது.”

“வண்டி நிக்குது.”

“நிக்கட்டும்.”

“உனக்கு என்ன பைத்தியமா? சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறே? ஒரு எழுத்து. அதுக்காக இத்தனை பேரையும் நிக்க வைப்பியா?”

தம்பி எழுந்தான். அண்ணாவை எதிர்த்து அவன் வாழ்நாளில் பேசியதில்லை. அவர் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. இப்போது பேப்பரை மார்போடு வைத்துக்கொண்டு, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றான்.

“நிப்பாங்க அண்ணா. நிக்க முடியாதவங்க உட்காரட்டும், நாற்காலி வந்திருக்கு. இதை அடிச்சிட்டு அவளைத் தூக்க விடமாட்டேன். என்னைத் தாண்டித்தான் போகணும்.”

வண்டிக்காரர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே ஓரமாக நின்றார்.

அண்ணா கையை நீட்டினார். “கொடு.”

“அடிப்பீங்க.”

“கொடுன்னு சொல்றேன்ல.”

தம்பி கொடுக்கவில்லை. அண்ணாவே பக்கத்தில் வந்து, அவன் கையில் இருந்தபடியே அதைப் பார்த்தார். மேலே நிரம்பிய கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவின் எழுத்து எங்கே நின்றது, தம்பியின் எழுத்து எங்கே தொடங்கியது என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. எத்தனையோ பேரின் கையெழுத்தைப் பார்த்தவர். விரல் ‘கடுகு’மேல் வந்து நின்றது. ‘கு’வின் வால் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் நீண்டு, கட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.

“கடைசியா எழுதினதா?”

தம்பி தலையை ஆட்டினான்.

“கடுகுன்னு யார் சொன்னது?”

தம்பி அடுப்படிப் பக்கம் பார்த்தான். டீ டம்ளர் இன்னும் அங்கேதான் ஆடை படிந்து இருந்தது.

அண்ணா அதற்குமேல் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. அவர் மறுபடியும் கை நீட்டியபோது தம்பி பேப்பரையும் பேனாவையும் கொடுத்தான். கொடுத்த கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தான், எந்த நேரமும் பிடுங்கிக்கொள்கிறவன்போல.

“மழைக்கு முன் வானில் தெரிவது” என்று அண்ணா தமக்குள் படித்தார். அவர் உதடு அசைந்தது. விரல்விட்டு எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார்.

“கருமேகம்” என்றார்.

“அது அஞ்செழுத்தாச்சே” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எனக்கு எண்ணத் தெரியும் சார்.”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதன் விளிம்பைப் பேப்பரின் வெற்று ஓரத்தில் வைத்து அழுத்தி, நேராக ஒரு கோடு போட்டார். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று. மற்ற கட்டங்களின் அளவிலேயே ஒரு கட்டம். அக்காவின் ‘க’வை அடுத்து, ரு, மே, க என்று எழுதினார். கடைசி எழுத்தைத் தாம் போட்ட கட்டத்துக்குள் வைத்து, அதன் தலையில் புள்ளியும் வைத்தார்.

தம்பி வழியிலிருந்து விலகினான்.

வாசலில் யாரோ போய் வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணா எழுந்திருக்கவில்லை. பேப்பரை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தார்.