எச்சரிக்கைப் பலகை வந்த பிறகு

தலத்தெருவை ஒட்டிய காலனியில் சிவப்ரியா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்தாள். பங்குனியில் அங்கே யாருடைய பைக்கோ திருடு போனது. அடுத்த வாரமே போலீஸ்காரர்கள் தெருமுனையில் மஞ்சள் பலகை ஒன்றை நட்டார்கள்: "எச்சரிக்கை! இது திருடர்கள் நடமாடும் பகுதி."

பைக் கிடைத்துவிட்டது. எடுத்தவன் வெளியூர்க்காரன். பலகை மட்டும் போகவில்லை. ஆட்டோக்காரர்கள் முனையிலேயே இறக்கிவிட்டார்கள். டவுனிலிருந்து துணி கொண்டுவரும் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டுல வேணாங்கிறாங்க" என்றாள் ஒருத்தி போனில். வேறு தெருவுக்குக் குடி போகலாமென்றால், இப்போது இருக்கும் தெருவைச் சொன்னதுமே வீட்டுக்காரர்கள், "வேற ஆள் வந்தாச்சும்மா" என்றார்கள்.

பலகையை எடுக்கச் சொல்லி மனு எழுதினாள். முதல் கையெழுத்து பக்கத்து வீட்டுக் கமர் நிஷாவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கூப்பிடாமலே உள்ளே வந்து, மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்துக் கொடுப்பாள்.

அந்த வாரம்தான் ஒரு கல்யாணப் பட்டுத்துணி காணாமல் போனது. சிவப்ரியா வீட்டையே கவிழ்த்துத் தேடினாள். காலையில் யார் வந்தார்கள் என்று யோசித்தாள். யோசித்ததும் கால் தானாகப் பக்கத்து வீட்டுக்குப் போனது.

"அக்கா, அந்த மெரூன் பட்டு... தெரியாம உங்க துணியோட வந்துருச்சா?"

அரிசி களைந்துகொண்டிருந்த கமர் நிஷாவின் கை நின்றது.

"தெரியாமன்னு ஏன் புள்ள சொல்ற? எடுத்தியான்னே கேளு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பதினோரு வருஷமா என்னப் பாக்குற. அந்தப் பலகை வந்து மூணு மாசந்தான் ஆவுது."

சாயங்காலம், லைனிங் துணியின் மடிப்புக்குள் பட்டு கிடைத்தது. சிவப்ரியா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"விடு புள்ள, அல்லா அறிவான்" என்றாள் கமர் நிஷா. மனுவிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லவும் இல்லை.

மனுவை வாங்கிய போலீஸ் அதிகாரி, "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா வச்சிருக்கு" என்று அதை மேசைக்குள் போட்டு மூடினார்.

இப்போதும் கமர் நிஷா வருகிறாள். வாசற்படியோடு நின்றுகொள்கிறாள்.

"உள்ள வாங்கக்கா."

"இருக்கட்டும் புள்ள, இங்கேருந்தே பேசிக்கிறேன்."

பேசி முடிக்கும்வரை இரண்டு கைகளையும் வெளியே தெரியும்படி முன்னால் கோத்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு சிவப்ரியா தைக்க வேண்டியிருக்கிறது.