மானேஜருக்குக் கண் மங்கியது

மானேஜர் என்பது ஒரு கடல் மீன். உள்ளங்கை அகலம், எலுமிச்சை மஞ்சள். காலையில் விளக்கு எரிந்ததும் கண்ணாடித் தொட்டியின் மூலை முடுக்கெல்லாம் போய், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு திரும்பி வரும். தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. ஆனால் எல்லா இடத்திலும் மூக்கை நுழைக்கும். அதனால்தான், அந்த வீட்டில் இருந்த அக்கா தம்பி இருவரில், தம்பி அதற்கு அந்தப் பெயரை வைத்தான். அதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்.

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். போன வருஷம் ஒரு நாள், கீழே நின்றவர் இறக்கச் சொல்லிக் கையசைத்தார், இவன் பாரத்தை இறக்கினான். அடியில் ஒரு மனிதர் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். இவன் உட்கார்ந்திருந்த கூண்டிலிருந்து அந்த இடம் தெரியாது. விசாரித்தவர்களும் அதைச் சொல்லி, இவன் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். என்ன எழுதி என்ன? செத்தவர் செத்தவர்தான். தம்பி வேலைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு தெருவுக்குப் போவதை நிறுத்தினான். பிறகு பேச்சும் நின்றது.

அக்காவோ வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலையும் சீருடையும் தைப்பவள். வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் என்பது போலப் பேசுகிறவள். அவளே அவன் அறைக்கதவுக்கு முன்னால் பேசிப் பேசி ஓய்ந்துபோனாள். மாலையானால் மட்டும் அவன் வெளியே வருவான். தொட்டிக்கு முன்னால் உட்காருவான், இரை போடுவான், மறுபடி உள்ளே போய்விடுவான். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவள் நாள் முழுக்க எதிர்பார்த்திருப்பாள். இந்த மீனும் இல்லையென்றால் என் தம்பி எனக்கு இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

அப்படி ஒரு மாலையில்தான் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க வா. மானேஜர் கண்ணைப் பாரு."

அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மீனின் இரண்டு கண்களிலும் பால் தடவினாற்போல வெள்ளை படர்ந்திருந்தது. இரை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது, மீன் அதைத் தாண்டிப் போய்க் கல்லில் இடித்துக்கொண்டது.

"ஐயோ, குருடாயிடுச்சாடா?"

"இன்னும் இல்ல. ஒரு கண்ணுன்னா எங்கேயோ மோதியிருக்கும்னு விட்டுடலாம். ரெண்டு கண்ணும்னா கிருமியா இருக்கும், இல்லேன்னா தண்ணியில ஏதோ கோளாறு."

இத்தனை வார்த்தைகளை அவன் வாயிலிருந்து அவள் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! அவளுக்கு மீனைப் பார்ப்பதா தம்பியைப் பார்ப்பதா என்றே புரியவில்லை.

அன்றிலிருந்து வீடு ஆஸ்பத்திரி ஆனது. பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கழுவி, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றி, மானேஜரை அதில் தனியாக விட்டான். பரணிலிருந்து மருந்தை இறக்கி அளந்து போட்டான். கண் தெரியாத மீனுக்கு இரையை இடுக்கியில் பிடித்து வாய்க்கு நேராகக் கொண்டுபோய் ஊட்டினான்.

"எனக்குக்கூட நீ ஒரு வாய் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. மானேஜருக்கு ஊட்டிவிடுறியா? குடுத்து வச்ச மீனுடா!"

"உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? எடுத்துக் குடி."

கேலி பேசினான்! அவள் அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அவள் அப்போது சந்தோஷமாக இருந்தாள். மீன் செத்துவிடக் கூடாது, ஆனால் அவசரப்பட்டுக் குணமாகிவிடவும் வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், "அடிப்பாவி" என்று தன்னையே திட்டியும் கொண்டாள்.

மருந்து கேட்கவில்லை. வெள்ளை இன்னும் கெட்டியானது. ஒரு நாள் தம்பி முகத்தை மழித்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, செருப்பைத் தேடினான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் எங்கே உட்கார்ந்துவிடுவானோ என்று பயம். அலங்கார மீன் விற்கும் கடைக்குத்தான் போனான். தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"கிருமி இல்லக்கா. தண்ணியில உப்பு எக்கச்சக்கமா ஏறிப்போயிருக்கு. கடைக்காரர் ரெண்டு தடவ பார்த்தார். இதுல மீன் இத்தனை நாள் உசுரோட இருந்ததே பெருசுன்னார்."

"உப்பு எப்படிடா ஏறும்?"

"தொட்டியில தண்ணி மட்டம் குறையும்ல, அது வெறும் தண்ணிதான் ஆவியாப் போகுது. உப்பு உள்ளேயே தங்கிடும். அதனால குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்புத்தண்ணி ஊத்தினா உப்பு மேல உப்பு ஏறிக்கிட்டே போகும்."

அவள் மூலையில் இருந்த உப்பு மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

தினமும் காலையில், அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து ஊற்றி வந்தவள் அவள்தான். பாவம், இதையாவது நாம் பார்த்துக்கொள்வோம் என்று. கடல் மீனுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் செத்துவிடாதா என்று பயந்து, மூட்டையிலிருந்து உப்பை அள்ளிப் போட்டு, கரையக் கரையக் கலக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். தண்ணீர் குறையாமலே இருப்பதைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இதுதான்.

"நான்தான் கடைசியா தண்ணி மாத்தும்போது உப்பைத் தப்பா அளந்திருக்கேன்," என்றான் தம்பி. கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேற யாரு? நான் கை வச்சா இப்படித்தான் ஆகும். எது மேல கை வச்சாலும்."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஏற்கெனவே ஒரு சாவைச் சுமந்து கூன் விழுந்தவன் தலையில் தன் தவறையும் ஏற்றிவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நீ இல்லடா. நான்தான்." எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் எழுந்துபோய் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஆரம்பித்தான். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று மட்டும் சொன்னான். இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். மானேஜர் தொட்டி ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. இடுக்கியில் இரையை நீட்டினால் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மதியம் செவுள் அசைவது நின்றது. தம்பி அதை இரண்டு கையாலும் எடுத்து ஒரு துணியில் வைத்தான். அக்கா தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ஒரு மீனுக்கா இப்படி என்று பார்ப்பவர்கள் சிரித்திருப்பார்கள்.

"தெரியாம செஞ்சுட்டேன்டா. நல்லதுன்னு நினைச்சு என் கையாலேயே கொன்னுட்டேனே!"

தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் தோளில் கை வைத்தான்.

"அழாதக்கா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சா செஞ்சே? உன் இடத்துல யார் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க."

இதமாகத்தான் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். ஒன்றுகூட அவளுக்குள் இறங்கவில்லை. அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள்.

"ஆறுதாக்கா?" என்று கேட்டான்.

ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். அழுகிற அழுகையில் உண்மைதான் வாயில் வந்தது.

"இல்லடா. எவ்வளவு சொன்னாலும் ஆறல."

"ம்," என்றான். "ஒரு மீனுக்கே ஆறல, பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் பின்னாலேயே ஓடிப்போய்க் கதவில் கை வைத்தாள். தட்டவில்லை. இத்தனை நாள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று அவள் சொன்னதெல்லாம், அவன் இப்போது அவளுக்குச் சொன்ன இதே வார்த்தைகள்தான். இனி அவனிடம் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.