பணிய லயத்துச் சுவர்

தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில், சரிவில் இறங்கும் அந்த வரிசை வீடுகளில், விடியுமுன் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருட்டில் பேரைச் சொன்னால் வேறு ஏதாவது அந்தப் பேருக்கு 'என்ன' என்று கேட்டுவிடும் என்பார்கள். வேலைக்கு எழுப்பும் தப்புக் கொட்டின் சத்தமும் அங்கே சரியாக வந்து சேராது. மேட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தப்படித்தால் முதல் காம்பராவுக்கு, முதல் அறை வீட்டுக்கு, மட்டும் கேட்கும். லயம் சரிவில் இறங்க இறங்க, கீழே பாறைகளில் விழுந்து புரளும் ஆற்றின் இரைச்சல் அதைத் தின்றுவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதல் காம்பராக்காரர் எழுந்ததும் பக்கத்துச் சுவரைத் தட்டுவார். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள், எழுந்துவிட்டோம் என்று திருப்பி ஒரு தட்டுத் தட்டுவார்கள். பதில் தட்டு வரும்வரை முதல் தட்டு ஓயாது. பிறகு அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவுக்கு விடியல் வந்து சேரும்.

தொங்கல் காம்பராவில் இருந்தவள் செவனம்மா. அவள் புருஷன் பழனியாண்டி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் சரிந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவன். பலகையில் படுத்தால் படுத்த இடம்தான். அவன் பேரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து வெட்டியாயிற்று. அவள் பேரில்தான் அந்தக் காம்பரா இன்னும் அவர்களுக்கு இருந்தது. இரவெல்லாம் அவனைப் புரட்டிப் போட்டு, இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, விடியும் நேரத்தில் கல்லைப் போலத் தூங்கிவிடுவாள். மழைக்காலத்தில் அப்படி இரண்டு தடவை பெரட்டுக்குப் பிந்திவிட்டாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னார்.

"இன்னொரு நாள் பிந்தினா பேரை வெட்டிப்புடுவேன். பேரில்லாதவுங்களுக்குக் காம்பரா எதுக்கு?"

அதற்குப் பிறகு செவனம்மாவுக்குப் பக்கத்துச் சுவர்தான் எல்லாம். சுவருக்கு அந்தப் பக்கம் மனோரஞ்சிதம் இருந்தாள். மற்றவர்கள் முட்டியால் தட்டுவார்கள், அவளுக்கு மேல் பக்கத்துக் காம்பரா மூக்கன் அகப்பைக் காம்பால் இடிப்பான். மனோரஞ்சிதம் உள்ளங்கையை விரித்துத் தட்டுவாள். தட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கண்ணாடி வளையல்கள் சரியும். செவனம்மா பாதித் தூக்கத்தில் அந்த வளையல் சத்தத்துக்கே எழுந்துவிடுவாள்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு அது தள்ளுபடியானதும், மனோரஞ்சிதத்தின் புருஷன் லெட்சுமணன் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தான். லயமே தலவாக்கலை ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. ரயில் ஏறும்போது மனோரஞ்சிதம் அழவில்லை. செவனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

"காலையில எப்படி எந்திரிப்ப?"

"அந்தக் கவலைய உடுங்க மதினி. மீனம்மாக்கா வந்து கதவத் தட்டுறேன்னு சொல்லியிருக்கு."

"அதுவா? புருஷன் அகப்பைக் காம்பால சுவத்த இடிக்கிறப்பகூட அது எந்திரிக்காதே" என்றாள் மனோரஞ்சிதம். பக்கத்தில் நின்ற மூக்கன், "எம் பொண்டாட்டியக் கடல் தாண்டுற நேரத்துலயும் உடமாட்டீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரயில் போன பிறகு நடந்தே திரும்பினார்கள்.

காலியான காம்பராவைக் கண்டாக்கு பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்.

மறுநாள் விடியலில் வளையல் சரிந்தது. உள்ளங்கை சுவரில் பட்டது. செவனம்மா எழுந்து, வழக்கம்போல் திருப்பி ஒரு தட்டுத் தட்டினாள். அடுப்பு மூட்டினாள், ரொட்டி சுட்டாள், பழனியாண்டிக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும்போதுதான் அவள் கை நின்றது.

பெரட்டுக்குப் போகும் வழியில் மீனம்மாவிடம், "சாவி வாங்கி உள்ள போயா தட்டுனீங்க அக்கா?" என்று கேட்டாள்.

"நானா? நான் கதவத் தட்ட வந்தேன் தங்கச்சி. அதுக்குள்ள உன் வீட்டுல விளக்கு எரிஞ்சிச்சு. சரி, எந்திரிச்சிட்டேன்னு திரும்பிட்டேன்."

 மீனம்மா அன்று கொழுந்து பறிக்கும் மலையில், உள்ளே போய்த் தட்டியது யார் என்று எல்லாரிடமும் கேட்டாள். மறுநாள் மூக்கனும் அவளும் தங்கள் பக்கத்துச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். பூட்டிய காம்பராவுக்குள் வளையல் சரிவதும், தட்டு விழுவதும், கொஞ்சம் பொறுத்துச் செவனம்மாவின் பதில் வருவதும் அவர்களுக்கும் கேட்டன. அன்றோடு மீனம்மா வருவது நின்றது.

"கோவிச்சுக்காத தங்கச்சி. அந்தப் பூட்டுன கதவத் தாண்டி இருட்டுல நான் வரமாட்டேன். மாமாவையும் அனுப்பமாட்டேன்."

"பூசாரியக் கூப்பிட்டு ஒரு ஆணி அடிச்சுப்புடலாமா?" என்றான் மூக்கன்.

"வேணாம் மாமா."

"பயமா இல்லையா உனக்கு?"

"கண்டாக்கையாவ நெனச்சாத்தான் பயம்" என்றாள் செவனம்மா.

அது பொய்யில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் பூட்டிய காம்பராவின் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அடுப்பில் பழைய சாம்பல் கிடந்தது. தரையில் பூசணம் படர்ந்திருந்தது, அதில் ஒரு காலடியும் இல்லை. அவள் காம்பராவை ஒட்டிய சுவரில், சுண்ணாம்புக்கு மேலே, பல வருஷம் உள்ளங்கை பட்டுப்பட்டு எண்ணெய்ப் பிசுக்கேறிய கரிய வட்டம் ஒன்று இருந்தது. சுவர் முழுக்க ஈரம் வேர்த்து நின்றது. அந்த வட்டம் மட்டும் காய்ந்திருந்தது.

மழை விட்டு, பனி தொடங்கியது. செவனம்மா ஒரு நாளும் பிந்தவில்லை. தட்டு வரும், பதில் கொடுப்பாள், எழுந்து போவாள். அந்தக் கைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவாள். அது யாருடைய கை என்று மட்டும் நினைக்கமாட்டாள்.

தங்கச்சி கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்த வீரய்யா தனுஷ்கோடி வழியாகத் திரும்பி வந்தான். மேட்டு லயத்துக்காரன். வந்த மறுநாள் சாயங்காலம் நேரே செவனம்மா வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தான். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

"லெட்சுமணனைப் பாத்தேன். துறையூருக்கு அந்தாண்ட, அவுங்க பங்காளி வீட்டு ஓரமா ஒரு குடிசை போட்டுக் குடுத்திருக்காங்க."

"மதினி நல்லா இருக்காங்களா?"

"உசிரோட இருக்கு."

உள்ளே படுத்திருந்த பழனியாண்டி, "செத்துப் போச்சுன்னுல்ல நாங்க நெனச்சோம்" என்றான்.

"இருக்கு. ஆனா விடியக்காலம் எந்திரிச்சு மண்சுவத்தத் தட்டுதாம். அந்தப் பக்கம் வெறும் கம்மங்காடு. தட்டிட்டு, காத சாச்சு நிக்குமாம். கொஞ்ச நேரத்துல, 'செவனம் எந்திரிச்சிட்டா'ன்னு சொல்லிச் சிரிச்சுட்டு, அதுக்கப்பறம்தான் அடுப்பு மூட்டுமாம். பகல்ல யாரு கூப்பிட்டாலும் திரும்புறதில்லையாம். பேச்சும் கொறஞ்சு போச்சு. ஊர்ல எல்லாம், மலைநாட்டுலருந்து எதையோ கூட்டியாந்துட்டாங்கன்னு தண்ணி மொள்ளக்கூட உட மாட்டேங்குறாங்க. நான் கண்ணால பாத்தேன் செவனம்மா. உடம்பு மட்டுந்தான் அங்க இருக்கு."

செவனம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்சுமணன் ஒண்ணு சொல்லச் சொன்னான். இங்க யாராச்சும் பதில் குடுக்குறதா இருந்தா, தயவு பண்ணி நிப்பாட்டச் சொல்லுன்னான்."

வீரய்யா போன பிறகு, செவனம்மா புருஷனைப் புரட்டிப் போட்டாள். கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

"பதில் குடுக்கலைன்னா தட்டு நின்னுரும்" என்றான் பழனியாண்டி. "நின்னா நீ எந்திரிக்கமாட்ட. பேரு போகும். இந்தப் பலகையோட என்னையத் தூக்கிக்கிட்டு எங்க போவ?"

"தெரியலைங்க" என்றாள்.

மறுநாள் விடியலில் வளையல் சரிந்தது. தட்டு விழுந்தது. செவனம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் தட்டு. கொஞ்சம் பலமாக. அதற்குப் பின் மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் முதுகில் தட்டுவதுபோல. செவனம்மாவின் கைகள் மரத்துப்போயின.

"ஏ புள்ள" என்றான் பழனியாண்டி இருட்டுக்குள்ளிருந்து. "ஒரு தட்டுத் தட்டேன். பாவம், காத்துக்கிட்டு இருக்கும்."

அவள் அசையவில்லை. தட்டு ஓய்ந்தது. உள்ளங்கை சுவரின் மேலிருந்து கீழ்வரைக்கும் மெள்ளத் தடவிப் பார்ப்பது கேட்டது, கதவைத் தேடுவதுபோல. பிறகு அதுவும் இல்லை.

அன்று பெரட்டுக்கு முதல் ஆளாக அவள் நின்றாள்.

அதன் பிறகு அந்தச் சுவரில் தட்டு வரவில்லை. செவனம்மா தூக்கத்தை விட்டுவிட்டாள். புருஷனைப் புரட்டிப் போட்டுவிட்டுப் படுக்கவே மாட்டாள். கம்பளியைப் போர்த்துக்கொண்டு சுவரோரம் குந்தி, மூக்கன் வீட்டு விளக்கு வெளிச்சம் வாசலில் விழுகிறதா என்று கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் விழுந்தால் எழுவாள். கண் குழிந்து, உடம்பு இளைத்தது. ஆனால் பேர் நின்றது, காம்பராவும் நின்றது. கண்டாக்குகூட ஒருநாள், "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார்.

தை மாதத்துக் குளிரில் ஒரு விடியலில், முதுகு தாங்காமல் அவள் அந்தச் சுவரில் சாய்ந்தாள். கல்லும் சுண்ணாம்பும் தொட்டால் கை விறைக்கும் காலம் அது. தோளுக்கு இரு பக்கமும் சுவர் பனிக்கட்டியாகத்தான் இருந்தது. நடுவில், ஒரு முதுகு அகலத்துக்கு மட்டும், வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கமும் யாரோ தட்டாமல், பேசாமல், தூங்காமல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதைப்போல.

செவனம்மா விலகப் பார்த்தாள். விலகினால் அந்தப் பக்கத்து முதுகுக்குக் குளிருமே என்று தோன்றியது. அப்படியே இருந்தாள்.

"நேரமாச்சா புள்ள?" என்றான் பழனியாண்டி.

மூக்கன் வீட்டு வெளிச்சம் வாசலில் விழுந்துகிடந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்றாள்.