நாலு மூலை மஞ்சள்

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தோல்வி என்றால் ஆகாது. வெக்ஸ்போர்ட் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நெடுங்காலமாக அவர்தான் தலைவர். கீழ்மாடி மண்டபத்தின் திறப்பு அவருடைய காற்சட்டைப் பையில். பின்னேரமானால் அங்கே ஆம்பிளைகள் சீட்டடிப்பார்கள். பெண்களுக்கும் மண்டபம் வேண்டுமென்று இந்தமுறைத் தேர்தலில் அதே கட்டடத்துக் கோணேஸ்வரி எதிர்த்து நின்றுவிட்டாள். பதவி போனால் திறப்பும் போகும், சீட்டாட்டமும் போகும். மனிசன் பதறிப்போனார்.

நேரில் விழுந்த வாக்குகளை எண்ணியபோது கோணேஸ்வரி ஒரே ஒரு வாக்கால் முன்னே நின்றாள். மிச்சம் தபால் வாக்குகள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அஜக்ஸ், பிறம்ரன் என்று பக்கத்து ஊர்களுக்குக் குடிபோனவர்களுடையவை. அவர்களில் முக்காற்பங்கு ஸ்ரீஸ்கந்தராசாவின் ஆட்கள். பேசாமல் இருந்திருந்தால் வென்றிருப்பார். வாய் சும்மா கிடந்தால்தானே!

தேர்தல் நடத்த வெளியிலிருந்து வந்த தமிழ்ப்பிள்ளை ஸ்டெபனி, உறைகளைத் திறக்குமுன் தபால் வாக்கு விண்ணப்பங்களைச் சரிபார்த்தாள். விண்ணப்பம் தள்ளுபடியானால் அந்த ஆளின் வாக்கு உறையைத் திறக்கமுடியாது. கோணேஸ்வரி சேர்த்துக் கொடுத்த கட்டில் ஒவ்வொரு தாளுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள்.

"உதென்ன பிள்ளை மஞ்சள்?" ஸ்ரீஸ்கந்தராசா துள்ளினார். "ஸ்கான் பண்ணுற மூலையிலை ஒரு அடையாளமும் இருக்கக்கூடாதெண்டு சட்டம். எல்லாத்தையும் தள்ளும்!"

"நல்ல காரியத்துக்கு மஞ்சள் பூசாம அனுப்புறதோ, அண்ணை?" கோணேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி கமலாம்பிகை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சருங்கோ, உதை விடுங்கோவன்."

"நீர் சும்மா இரும். ரூல் எண்டா ரூல்!"

"ஓகே அங்கிள், ஃபெயர்," என்று ஸ்டெபனி அந்தக் கட்டை ஒதுக்கினாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்து அவர் சேர்த்த கட்டைப் பிரித்தாள். நாலு மூலையிலும் மஞ்சள். போதாக்குறைக்கு நடுவில் குங்குமம் வேறு.

"ஐயோ, ஆர் பூசினது?"

"நீங்கள்தானே சாமியறையிலை வையும் எண்டு தந்தனீங்கள். வெறுமனே வைக்கேலுமே?" என்றாள் கமலாம்பிகை. "சொல்ல வந்தன், எங்கை விட்டனீங்கள்?"

"ரூல் எண்டா ரூல், அங்கிள்," என்றாள் ஸ்டெபனி. ஓர் உறையும் திறபடவில்லை. கோணேஸ்வரி வென்றாள்.

லிப்ற்றில் ஏறியும் அவர் ஓயவில்லை. "ஒரு வாக்கு! ஒரே ஒரு வாக்காலை என்னைக் கவுத்துப்போட்டாளவை. ஆர் போட்டதெண்டு மட்டும் தெரியட்டும், உண்டு இல்லையெண்டு பண்ணிவிடுறன்!"

கமலாம்பிகை தங்கள் மாடியின் பொத்தானை அமத்தினாள்.

"அது என்ரை வாக்குத்தான்," என்றாள். "நாளைக்குப் பின்னேரம் நான் மண்டபத்திலை நிப்பன். தேத்தண்ணியை நீங்களே போட்டுக் குடியுங்கோ."